மணி என்றால் நேரம் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த சொற்பொருள் பயிற்சியில் 'மணி' என்ற சொல்லுக்கு எதிரே 'நேரத்தின் அளவு' என்று ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ஐந்தாவது படிக்கும் என் மகள் வகுப்புத் தேர்வில் இதே சொல்லுக்கு 'நெல்' என்று எழுதியிருந்தாள், தப்பு போட்டுவிட்டார்கள். "பேப்பர்லயும் அப்படித்தாம்மா போட்டிருக்கு, நான்தான் தப்பு" என்று அவளே உங்கள் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்கு மனசு ஆறவில்லை.

அவள் எழுதியது சரி. எங்கள் வீடு கும்பகோணம் பக்கம், வயலை ஒட்டி. கதிர் வந்ததும் அவள் தாத்தா ஒரு நெல்லைப் பறித்து நகத்தால் நசுக்குவார், வெள்ளையாகப் பால் கசிந்தால் "இன்னும் மணி முத்தல" என்பார். கடிகாரம் பார்க்கக் கற்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்த மணி அதுதான்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி சோழனின் நீதியைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட' என்கிறாள். முதல் மணி அரண்மனை வாசலில் தொங்குவது, அடுத்தது கன்றை இழந்த பசுவின் கண். கொஞ்சம் தள்ளி அவள் சிலம்பை உடைக்க, மன்னன் முகத்தெதிரே தெறிக்கிறதே ஒரு மணி, அது மாணிக்கப் பரல். ஒரே காட்சி, ஒரே சொல், மூன்று பொருள்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நேரம் என்ற பொருள் வாசல் மணி வழியாக வந்ததுதான். முன்பு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள், நாழிகைக்கு 24 நிமிடம். அப்புறம் வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத காலத்தில் மணியடித்துத்தான் ஊருக்கு நேரம் சொன்னார்கள், மூன்று முறை அடித்தால் மூன்று மணி. தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட மணிக்கும் ஒரு மணி நேரத்துக்கும் ஒரே சொல்தான். இலங்கையில் கால அளவைத் தனியாக மணித்தியாலம் என்கிறார்கள், அங்கே கடிகாரமே மணிக்கூடு. நம் பக்கம் 'மணி நேரம்' என்கிறோம், அந்த 'நேரம்' என்பதைத் தலைப்பில் இடம் போதாமல் வெட்டிவிட்டு '5 மணி மின்தடை' என்று போட்டால் ஐந்து மணிக்கா, ஐந்து மணி நேரமா என்று தெரியாமல் தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் திண்டாடுகிறோம், அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

பாசிமணி, கண்மணி, மணிக்கட்டு, மணித்தக்காளி என்று பிள்ளைகள் தினமும் புழங்கும் சொற்களிலேயே இது எத்தனை விதமாக இருக்கிறது! ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பழக்கிவிட்டால், வீட்டில் பேசும் தமிழே தப்பு என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள், என் மகள் ஏற்கெனவே நினைத்துவிட்டாள்.

அடுத்த வாரமே 'மணி'யை இத்தனை பொருளோடும் மறுபடி போடுங்கள், நெல்மணியை விட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவள் தமிழ் நோட்டில் ஒட்டித்தான் பள்ளிக்கு அனுப்பப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்