பார் மிட்ஸ்வா யூதர்களின் பூணூல் கல்யாணம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க யூதக் குடும்பங்களின் விழாக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, 13 வயது நிறையும் ஆண்பிள்ளைக்கு நடக்கும் பார் மிட்ஸ்வாவை 'யூதர்களின் பூணூல் கல்யாணம்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு, மீதி இடத்தையெல்லாம் விருந்து மண்டபத்துக்கும் ஆட்டம்பாட்டத்துக்கும் செலவுக் கணக்குக்கும் கொடுத்திருந்தது. கட்டுரையாளர்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. தெரிந்ததைக் காட்டித்தான் தெரியாததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் 9 வயதில் மயிலாடுதுறையில் பூணூல் போடப்பெற்று, சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை நியூஜெர்சியில் தன் மகனின் பார் மிட்ஸ்வாவுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், இரண்டையும் உள்ளிருந்து பார்த்த நான் (இரண்டாவதை வாசற்படியிலிருந்து பார்த்தேன் என்பதே சரி) இந்த ஒப்புமை எங்கே பிசகுகிறது என்று எழுத விரும்புகிறேன்.

என் மனைவி யூதர். தாய் யூதரானால் பிள்ளையும் யூதர் என்பது அவர்களுடைய பழைய சட்டம். தந்தை யார் என்று அது கேட்பதில்லை. அமெரிக்காவில் சீர்திருத்தப் பிரிவினர் 1983இல் தந்தை வழியையும் ஏற்றுக்கொண்டார்கள் என்றாலும், எங்கள் வீட்டில் அந்தத் தீர்மானத்துக்கு வேலை இருக்கவில்லை. என் மகன் பிறந்த நாள் முதல் யூதன்; நான் இன்றுவரை யூதன் அல்லேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

'பார்' அரமேயச் சொல். மகன் என்று பொருள். 'மிட்ஸ்வா' என்பது எபிரேயத்தில் கட்டளை. இரண்டும் சேர்ந்து, கட்டளைகளுக்கு உட்பட்டவன் என்று ஆளைக் குறிக்கின்றன. சடங்கைக் குறிப்பது பின்னால் வந்த வழக்கு. யூத நாட்காட்டியின்படி ஆண்பிள்ளைக்கு 13 வயதும் ஒரு நாளும், பெண்பிள்ளைக்கு 12 வயதும் ஒரு நாளும் ஆனால், விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும், அந்தப் பிள்ளையின் செயலுக்கு அந்தப் பிள்ளையே பொறுப்பு. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் வயதுகளை வரிசைப்படுத்தும் ஓரிடம் உண்டு: 5 வயதில் மறைநூல், 10இல் மிஷ்னா, 13இல் கட்டளைகள், 18இல் திருமணம் என்று அது சொல்லிக்கொண்டே போகிறதே ஒழிய, 13இல் பந்தல் போடச் சொல்லவில்லை. விருந்து வைக்கும் பழக்கத்தைப் பற்றிப் போலந்து நாட்டு அறிஞர் சாலமன் லூரியா எழுதியதே 16ஆம் நூற்றாண்டில்தான். பூணூலில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். சடங்கு நடக்காவிட்டால் உபநயனம் ஆகவில்லை. இங்கே யாரும் எதையும் கொடுப்பதில்லை. வயது வருகிறது, கூடவே பொறுப்பும் வந்துவிடுகிறது. அதற்குப்பின் பிள்ளை சபையில் செய்யும் முதல் காரியத்தைப் பார்க்கத்தான் உறவினர் கூடுகிறார்கள்.

அந்தக் காரியம் வாசிப்பு. என் உபநயனத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரே பட்டுத்துணிக்குள் குனிந்திருக்க, அப்பா என் காதில் காயத்ரியை ஓதினார். வெளியே கெட்டிமேளம் முழங்கியது. ஓதியதில் பிழை இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திராது, மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரிந்திராது. என் மகனுக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. யூத மறைநூலின் முதல் ஐந்து நூல்களாகிய தோராவின் ஏட்டுச்சுருள் தோலில் மையால் கையெழுத்தாக எழுதப்படுவது; 3,04,805 எழுத்துகள், அவற்றில் உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, இசைக்குறியும் இல்லை. மெய்யெழுத்துகளை மட்டும் பார்த்து, உயிரொலியையும் இராகத்தையும் நினைவிலிருந்து சேர்த்துப் பாட வேண்டும். தோலில் விரல் படக்கூடாது என்பதால், நுனியில் சுட்டுவிரல் நீட்டிய சிறு கை வடிவம் கொண்ட ஒரு கோலால் வரியைத் தொடர்கிறார்கள். வாசிப்பவனுக்குப் பக்கத்தில் குறிகளோடு அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்பவர்கள், பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் அங்கேயே உரக்கத் திருத்துவார்கள். அவன் திரும்பிப் போய் அந்தச் சொல்லைச் சரியாக வாசித்த பிறகே மேலே போகலாம். என் மகனை இரண்டு இடங்களில் திருத்தினார்கள். 150 பேர் முன்னிலையில் இப்படிச் செய்கிறார்களே என்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. பக்கத்தில் இருந்த மாமனார் என் முழங்காலைத் தட்டி, தம்மை ஐந்து இடங்களில் திருத்தியதாகவும், 60 ஆண்டுகள் கழிந்தும் அந்த ஐந்து சொற்களும் நினைவிருப்பதாகவும் சொன்னார்.

இதற்காக அவன் ஒன்றரை ஆண்டு படித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய இசைக்குறி உண்டு. அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. சபையில் பாடல் நடத்துபவர் ஒவ்வொரு வரியையும் பதிவு செய்து அனுப்புவார். பையன் அதைக் குளியலறையிலும் காரிலும் கேட்டுத் திருப்பித் திருப்பிப் பாடுவான். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய என் அம்மா, பின்னால் கேட்ட பாட்டைப் பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "என்ன ராகம்னு பிடிபடலைடா, ஆனா ஸ்ருதி விலகலை" என்று தீர்ப்புச் சொன்னார். 'ஷல்ஷெலெத்' என்றொரு குறி இருக்கிறது. சங்கிலி என்று பொருள். ஒரே சொல்லின்மேல் குரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மறுபடியும் ஏறி இறங்க வேண்டும். தோரா முழுவதிலும் அது நான்கே இடங்களில் வருகிறது. அவற்றில் ஒன்று, அழியப்போகும் சோதோமை விட்டு உடனே கிளம்பச் சொல்லியும் லோத்து கிளம்பாமல் தயங்கும் இடம். சொல்லும் தயங்குகிறது, பாட்டும் தயங்குகிறது. அதைக் கற்ற நாளிலிருந்து, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நான் கத்தும்போதெல்லாம் என் மகன் மாடியிலிருந்து ஷல்ஷெலெத்தைப் பாடுவது வழக்கமாயிற்று.

ஆண்டு முழுவதும் வாசித்து முடிப்பதற்காகத் தோராவை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; பிறந்த நாளை ஒட்டி எந்தப் பகுதி வருகிறதோ அதுவே பிள்ளைக்கு, தேர்ந்தெடுக்க இடமில்லை. என் மகனுக்கு வந்தது 'வயேரா'. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு ஆதியாகமம் 18 முதல் 22 வரை. ஆபிரகாம் சோதோமுக்காகக் கடவுளிடம் பேரம் பேசுவதும் அதில்தான், மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்கு அழைத்துப் போவதும் அதில்தான். இதோடு தீர்க்கதரிசிகள் பகுதியிலிருந்து எலிசாவின் கதையையும் வாசிக்க வேண்டும். அதில் சூனேம் ஊர்ச் சிறுவன் ஒருவன் வயலில் இருக்கும் தகப்பனிடம் போய், "என் தலை, என் தலை" என்று அழுகிறான். தகப்பன் வேலையாளைக் கூப்பிட்டு, "இவனை இவன் தாயிடம் தூக்கிக்கொண்டு போ" என்கிறான். பிள்ளை இறந்து மீளும் மீதிக் கதையை ஏறக்குறைய முழுவதும் தாயும் எலிசாவுமே நடத்துகிறார்கள். எபிரேயப் பாடத்தில் சந்தேகம் என்று மகன் வரும்போதெல்லாம் நான் சொல்லிவந்ததும் அந்தத் தகப்பன் சொன்ன வாக்கியந்தான்.

வாசிப்போடு விடுவதில்லை; வாசித்த பகுதியைப் பற்றிப் பிள்ளை சபையில் பேச வேண்டும். கட்டுரையில் ஒரு சொல்லும் இடம்பெறாத இந்தப் பேச்சைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். முகம் தெரியாத சோதோம்காரர்களுக்காக 50 பேரில் தொடங்கி 45, 40, 30, 20 என்று இறங்கி, 10 நல்லவர்கள் இருந்தாலும் ஊரை அழிக்கக்கூடாது என்று கடவுளிடமே வாதாடிய ஆபிரகாம், சொந்த மகனைப் பலி கேட்டபோது மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என் மகன் கேட்டான். அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விதான். ஆனால் குரல் உடையத் தொடங்கிய ஒரு பையன், தகப்பனை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு கேட்கும்போது அது வேறு கேள்வியாகிவிடுகிறது. மலைக்குப் போகும்போது "இருவரும் சேர்ந்து நடந்தார்கள்" என்று மூலம் இரண்டு தடவை சொல்வதையும், இறங்கும்போது ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பினான் என்று மட்டும் இருப்பதையும், ஈசாக்கின் பெயர் அங்கே இல்லாததையும் அவன் எடுத்துக்காட்டினான். அதற்குப்பின் அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தோராவில் இல்லை என்றான். விடை சொல்ல அவன் முயலவில்லை. "எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று முடித்தபோது, நல்ல முடிவு ஒன்றை எழுதிக்கொள்ளும்படி ஒரு வாரத்துக்கு முன் நான் சொன்னதை அவன் கேட்காமல் போனது எவ்வளவு நல்லதாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

என் இடம் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சபைக்குச் சபை வழக்கம் வேறு. எங்கள் சபையில் யூதரல்லாத பெற்றோர் மேடையில் நிற்கலாம். தோராவுக்கு முன் சொல்லும் வாழ்த்துரைகளைச் சொல்ல முடியாது. ஏட்டுச்சுருளைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும்போது, அது மாமனாரிடமிருந்து என் மனைவிக்கும், மனைவியிடமிருந்து மகனுக்கும் போயிற்று. நடுவில் நின்ற நான் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அந்த விதி தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டளைகளை ஏற்காதவன் அவற்றைக் கையளிப்பது எப்படி? ஆனாலும் அந்த அரை நிமிடம் நீளமாகத்தான் இருந்தது.

தந்தைக்கென்று ஒரு வாசகம் இருக்கிறது. "இவனுக்குரிய தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் போற்றப்படுவாராக" என்பது அது. ஆதியாகமத்தின் பழைய உரையாகிய பெரேஷித் ரப்பாவில், ஈசாக்கின் பிள்ளைகளாகிய ஏசாவும் யாக்கோபும் வளர்ந்து 13 வயதுக்குப்பின் ஆளுக்கொரு வழியாகப் பிரிந்துபோவதைச் சொல்லும் இடத்தில் இது வருகிறது. இதற்கு இரண்டு விதமாக உரை சொல்கிறார்கள். இதுவரை மகன் செய்த பிழைக்கு, அவனைத் திருத்த வேண்டிய தகப்பனே பொறுப்பாக இருந்தான், இனி இல்லை என்பது ஒன்று. இதுவரை தகப்பனின் பாவத்துக்காக மகன் துன்பப்பட்டான், இனி இல்லை என்பது மற்றொன்று. கிராக்கோவில் வாழ்ந்த மோசே இசர்லெஸ், 16ஆம் நூற்றாண்டில், கடவுளின் பெயரைச் சேர்க்காமல் இதைச் சொல்வது நல்லது என்று எழுதினார். அந்தப் பெயர் இல்லாததால்தான் எனக்கு வழி பிறந்தது. சபையின் குருவாகிய ரப்பி, இது முறையான வாழ்த்துரை ஆகாதென்றும், ஒரு தகப்பன் தன் மொழியில் சொல்லும் வாக்கியமாக இதைச் சொல்லத் தடையில்லை என்றும் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். மனைவி ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், எப்போதும் சிரிப்பார்களாம். நான் இரண்டாவது உரையை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

விருந்தும் நடந்தது, மறுக்கவில்லை. கட்டுரையாளர் கண்ட ஆடம்பரம் இல்லை, அவ்வளவே. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு; 'உயிர்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளைக் கூட்டினால் 18 வருவதால், அவர்கள் 18இன் மடங்காகப் பணம் வைக்கிறார்கள். என் பக்கத்து உறவினர்கள் வழக்கப்படி 101 டாலர் மொய் எழுதினார்கள். உறைகளைப் பிரித்த மகனுக்கு எது எந்தப் பக்கத்து உறை என்று தொகையைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது இவற்றுள் எதுவுமில்லை. ஜனவரியில் நடந்த ஒன்று. பெற்றோரை இழந்தவர்கள் பதினொரு மாதம் சொல்லும் கதீஷ் என்ற வாசகத்தைப் பத்துப் பேர் கூடாமல் சொல்ல முடியாது; 13 வயது நிறையாதவர்கள் அந்தப் பத்தில் சேர மாட்டார்கள். எங்கள் சபையில் பெண்களையும் எண்ணுகிறார்கள், ஆனால் என் மனைவி அன்று ஊரில் இல்லை. மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி வந்தது. என்னைக் கேட்கவில்லை, என் மகனைக் கேட்டார்கள். பனி பெய்துகொண்டிருந்தது. தந்தையை இழந்த ஒருவர் வந்திருக்கிறார், ஒன்பது பேர் இருக்கிறோம், வர முடியுமா என்று கேட்டார்கள். ஷல்ஷெலெத் எதுவும் பாடாமல் அவன் காலணிகளை மாட்டிக்கொண்டு கார் அருகே போய் நின்றான்.

மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்; அதனால் பத்துச் சொற்கள் கொண்ட சங்கீத வரி ஒன்றை, ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லி எண்ணுகிறார்கள். உம்முடைய மக்களைக் காப்பாற்றும், என்றென்றும் அவர்களைச் சுமந்து செல்லும் என்பது அதன் கருத்து. முதியவர் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டு தலையசைத்துவிட்டு, பத்தாவது சொல்லை என் மகனுக்கு நேரே சொல்லி, தந்தையை இழந்தவர் பக்கம் திரும்பி, தொடங்கலாம் என்றார். அந்த அறையில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம்.

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
எடிசன், நியூஜெர்சி
(மகனைக் கருதிப் பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.)