கீழ்த்தளச் சுவர் மொசைக்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் புளோக் கீழ்த்தளத்தில் எடுத்துக்கொண்ட மொசைக் சுவர் வேலை, அதாவது உடைந்த பீங்கான் துண்டுகளால் வடிவம் பதிக்கும் வேலை, முடிந்தது. தடுப்புகளையும் எடுத்தாயிற்று. இதே அறிக்கை மற்ற மூன்று மொழிகளிலும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

இந்தச் செலவு தேவையா என்று பொதுக்கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சிங்கப்பூரில் 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளுக்கு, ஒரு புளோக்கில் எந்த இனத்தவரும் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருப்பதால், ஒரே தாழ்வாரத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் வசிக்கிறோம். ஆனால் அடுத்த வீட்டில் இருப்பது வேறு, பழகுவது வேறு. மின்தூக்கியில் கைபேசியைப் பார்த்தபடியே ஏறி இறங்குகிறோம்.

முதலில் இரண்டு முறைகளைப் பரிசீலித்தோம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மெல்லிய துணியில் எண் போட்டு வரைந்து கொடுக்கிறார்கள். பொதுமக்கள் வண்ணம் தீட்டியதும் துணியைச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். அதில் வடிவம் முழுவதும் ஓவியருடையது. 2021 அமெரிக்க அதிபர் பதவியேற்பின்போது மேரிலாந்து ஓவியர் சாந்தி சந்திரசேகர் உள்ளிட்ட குழுவினர், பலரும் தனித்தனியே கோலமிட்டு அனுப்பிய சதுரங்களை ஒன்றாக இணைத்தார்கள். இது எங்களுக்குப் பிடித்தது. ஆனால் அவரவர் வீட்டில் உட்கார்ந்து செய்துவிட்டால் யார் யாரைச் சந்திப்பது?

அதனால் ஒரு விதி சேர்த்தோம். ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு பக்கங்களின் நடுவிலிருந்தும் ஒரு கோடு வெளியே போக வேண்டும். அதன் நிறத்தைப் பக்கத்துச் சதுரக்காரரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். யாருக்கு எந்த இடம் என்பது குலுக்கலில் முடிவானது. நிறைய முணுமுணுப்பு வந்தது. ஆனால் வேலையை நடத்தியதே இந்த விதிதான். சிக்குக் கோலம் போட்ட பாட்டிக்கும் பாத்திக் துணியில் வரும் பூவை வைத்த மலாய் அம்மாவுக்கும் எந்த நீலம் என்பதில் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரே பீங்கான் கிண்ணத்தை உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். சுவரில் அந்த நீலக் கோடு எங்கே மாறுகிறது என்று தேடிப் பாருங்கள், தெரியாது.

வீட்டில் வரைபடம், அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஃபைபர் வலை என்று வைத்துத் துண்டுகளை ஒட்டினோம். சுவரில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிய பிறகுதான் பசை போட்டது. அந்த வாரம் எல்லாருக்கும் வாத்தியாராக இருந்தவர், முன்பு டைல் வேலை பார்த்த சீனப் பெரியவர். பல்லுள்ள கரணையால் பசையை இழுத்து, சதுரத்தை அழுத்தி, மரக்கட்டையால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பொள்ளலாகச் சத்தம் வந்தால் பெயர்த்து எடுக்கச் சொல்லிவிடுவார். அவருக்கும் எங்களில் பலருக்கும் பொது மொழி கிடையாது. அந்தத் தட்டலை எல்லாரும் புரிந்துகொண்டோம். சிறுவர்கள் தேவையில்லாமலும் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனியாக இணைக்கப்பட்டுள்ளது. அதிகச் செலவு டைல் பசைக்கும், துண்டுகளுக்கு நடுவே நிரப்பும் கிரௌட் சாந்துக்கும்தான். துண்டுகள் எல்லாம் வீட்டுப் பழைய தட்டுகள் என்பதால் இலவசம்.

ஆசிட் கலந்த திரவத்தால் சுவரைக் கழுவ வேண்டாம், கிரௌட்டை அரித்துவிடும். ஈரத்துணி போதும். தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில் விட்ட வெற்றிடம் நகர மன்றத்தின் நிபந்தனை. அங்கே யாரும் எதையும் ஒட்டக்கூடாது.

குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களின் சதுரங்கள் குழுவிடம் பத்திரமாக இருக்கின்றன. எதிர்த்தூணில் பதிக்க அனுமதி கேட்டிருக்கிறோம். மீதித் தொகையை அதற்கே வைத்துக்கொள்ளலாமா என்பது அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வரும்.

— மொசைக் பணிக்குழு