விருந்தினராக வந்தவர் மீண்டும் வர

அன்பு உறுப்பினர்களே, வணக்கம்.

நம் பேச்சு மன்றத்துக்கு விருந்தினர்கள் வருகிறார்கள்; இரண்டாம் முறை வருபவர்கள்தான் குறைவு. இது என்னை உறுத்துகிறது. அடுத்த கூட்டத்திலிருந்து ஒவ்வொரு விருந்தினர் அருகிலும் நம்மில் ஒருவர் அமர்வோம். மேடையேறும்படி யாரையும் வற்புறுத்த வேண்டாம். அச்சத்தோடு வந்தவரை அது விரட்டிவிடும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் உரை நாளை உடனே குறித்துவிடுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற உலகளாவிய பேச்சுப் பயிற்சி அமைப்பின் மன்றங்களில் அந்த உரை 4 முதல் 6 நிமிடம்தான். தன்னை அறிமுகப்படுத்திப் பேசினால் போதும். அதுவரை நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுக்கலாம்.

மதிப்பீடு செய்பவர்களே, ‘நன்றாக இருந்தது’ என்று முடித்துவிடாதீர்கள். எந்த வரி மனத்தில் நின்றது, எங்கே வேகம் கூடிவிட்டது என்று சொல்லுங்கள். அதைக் கேட்கத்தானே வருகிறார்கள்!

தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்கு வராதவர்களை இந்த வாரம் தொலைபேசியில் அழைக்கிறேன். துணைக்கு இருவர் வேண்டும், பெயர் தாருங்கள்.