அடிபட்ட காரை உண்மை சொல்லி விற்றேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் வருகிற வரி விளம்பரங்களில் பழைய கார் பகுதியை நான் ஒரு வாரமும் விடுவதில்லை. 'சிங்கிள் ஓனர், ஷோரூம் சர்வீஸ், ஆக்ஸிடென்ட் இல்லாதது' என்றுதான் எல்லாமே இருக்கும். அப்படியென்றால் எங்கள் காங்கயம் - திருப்பூர் ரோட்டில் மூக்கு நசுங்கி, கிரேன் தூக்கிக்கொண்டு போகிற கார்களெல்லாம் எங்கேதான் போகின்றன? அதில் ஒன்று என்னுடையது, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 2018 மாடல் ஸ்விஃப்ட். படியூருக்குப் பக்கத்தில் ராத்திரி முன்னால் போன டெம்போ பிரேக் அடிக்க, நான் பின்னால் போய் முட்டிவிட்டேன், தப்பு என்னுடையதுதான். பம்பர், பானட், ரேடியேட்டர், இடதுபக்க ஹெட்லைட், ஃபெண்டர் எல்லாம் போச்சு, உள்ளே ஃபெண்டருக்குப் பின்னால் இருக்கும் அப்ரான் தகடு வளைந்துவிட்டது, ஏர்பேக் இரண்டும் விரிந்துவிட்டன. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார். பழுது பார்க்கிற செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார்கள், என்னுடையது அந்த அளவுக்குப் போகவில்லை. (டோட்டல் லாஸ் ஆன வண்டியும் ஏலத்தில் போய், பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசிக்கொண்டு திரும்ப ரோட்டுக்கு வருவது உண்டு, அது தனிக்கதை.) மொத்த பில் 1,92,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு இன்சூரன்ஸில் பாதிதான் தருவார்கள் என்பதால் அதையும் இதையும் சேர்த்துக் கைக்காசு 34,000 போனது. ஏர்பேக் இரண்டும் புதிதாகவே போட்டேன்.

இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓட்டினேன். அப்புறம் பையன் பெரிய வண்டி வேண்டும் என்றதால் விற்கலாம் என்று திருப்பூரில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நாலு அறுபது தரலாமுங்ணா" என்றார். நான் சும்மா இருக்காமல் ஒர்க்ஷாப் பில்லை எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "மூணு எண்பதுங்ணா, அதுக்கு மேல ஆவாது" என்றார். சரி, அடிபட்ட வண்டிக்கு விலை குறைவது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. "வாங்க வர்றவங்ககிட்ட இதைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "ஏனுங்ணா, சொல்லி வித்தா நான் கடையை மூடிப்போட்டுப் போகோணும். இந்த பில்லை நீங்களே பத்திரமா வெச்சுக்கோங்க."

எனக்கு உறைத்தது அங்கேதான். நான் சொன்ன உண்மைக்கு 80,000 ரூபாய் என் கையிலிருந்து பிடித்துக்கொள்வார். அடுத்து வாங்கப்போகிறவருக்கு அந்த உண்மையும் போகாது, விலைக் குறைப்பும் போகாது. என் வாயால் சொன்னதை அவர் லாபமாக்கிக்கொள்வார், அவ்வளவுதான். ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் போடாமல் கையெழுத்து மட்டும் கேட்டதும் அதற்குத்தான், நானும் வாங்குகிறவரும் முகம் பார்க்கவே வேண்டியதில்லை. ஆர்.சி. பெயர் மாறாதவரை அந்த வண்டி யாரை இடித்தாலும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

எங்கள் அப்பா கண்ணபுரம் சந்தையில் மாடு விற்கும்போது, "உதைக்குமுங்க, பின்னங்காலைக் கட்டிக் கறங்க" என்று அவரே சொல்லிவிடுவார். ஆயிரம் ரூபாய் குறையும். அந்தப் பழக்கம்தான் எனக்கும் என்று வையுங்களேன்.

வண்டியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்து நானே ஒரு வரி விளம்பரம் கொடுத்தேன். 'முன்பக்கம் அடிபட்டு சரிசெய்தது, பில் உண்டு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு கவுன்ட்டரில் இருந்த தம்பி, "இந்த வரியை எடுத்துறலாமுங்களா? காசும் மிச்சமாகும்" என்று கேட்டார்.

மூன்று பேர் போனில் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். நாலாவதாக வந்தவர் வெள்ளக்கோவில் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருப்பவர், கூடவே ஒரு மெக்கானிக் பையனைக் கூட்டி வந்தார். நம் பத்திரிகை வாசகர்கள் அந்தப் பையன் வண்டி பார்த்ததைப் பார்த்திருக்க வேண்டும். பெயிண்டைப் பார்க்கவே இல்லை. பானட்டைத் தூக்கி, ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். கம்பெனியில் வைத்த வெல்டிங் சட்டைப் பொத்தான் வரிசை மாதிரி வட்டவட்டமாகக் குழி விழுந்திருக்கும், பட்டறையில் வைத்தது அந்த ஒழுங்கில் வராது, அப்ரானில் அதை விரலால் தடவிக் காட்டினான். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை உருவிப் பில்லரைப் பார்த்தான். சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி ஒவ்வொரு தகடாக ஒட்ட வைத்தான், பட்டி கனமாக இருந்தால் காந்தம் பிடிக்காமல் நழுவிவிடுமாம். களத்துக்காரர் தன் பங்குக்கு விரலை மடக்கித் தேங்காய் தட்டுவதுபோல் கதவைத் தட்டிக் காது கொடுத்தார்.

கடைசியாகச் சாவியைத் திருப்பி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்து சில நொடியில் அணைந்ததும்தான் தலையாட்டினான். அணையாமல் நின்றால் கோளாறு, எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம், விளக்கையே பிடுங்கிவிட்டிருப்பார்கள் என்றான். விரிந்த ஏர்பேக்கை வெட்டியெறிந்துவிட்டு மேல்மூடியை மட்டும் ஒட்டி விற்கிற வேலையும் நடக்கிறதாம். அதை வாங்குகிறவர் குழந்தை குட்டியோடு பழநிக்குப் போவார், கொடைக்கானலுக்குப் போவார். விலையில் ஏமாறுவதை மன்னித்துவிடலாம், இதை என்னால் முடியாது.

வண்டி 4,10,000 ரூபாய்க்கு முடிந்தது. டெலிவரி நோட்டில் என்னென்ன அடிபட்டது, என்னென்ன மாற்றியது என்று எழுதி, பில் நகலையும் இணைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கும் கொடுத்துவிட்டோம்.

எல்லோருக்கும் அப்படி ஒரு பையன் கிடைக்கமாட்டான். தெரிந்தே மூடி மறைத்து விற்பது மோசடி என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் விற்றவர் வாயே திறக்காமல் இருந்திருந்தால், 'சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே' என்று வாங்கினவரையே திருப்பிக் கேட்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. இன்றைக்கு வண்டி நம்பரைப் போட்டால் எம்பரிவாகன் செயலியில் எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வருகிறது. பழைய வண்டி வியாபாரிகளுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு, விதிமுறை எல்லாம் வந்துவிட்டது. ஆனால் வண்டி அடிபட்டதா என்ற ஒரு வரியை மட்டும் காணோம். கிளெய்ம் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தேதி, போட்டோ, தொகை, மாற்றிய சாமான் உட்பட எல்லாமே இருக்கிறது. ஆள் பெயர் வேண்டாம், தொகைகூட வேண்டாம், 'இந்தத் தேதியில் முன்பக்கச் சேதம், ஏர்பேக் விரிந்தது' என்ற அளவுக்கு ஆர்.சி. விவரத்தோடு சேர்த்துக் காட்டினால் போதும். போக்குவரத்துத் துறையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சேர்ந்து உட்கார்ந்தால் ஆகாத வேலையா இது?

அதுவரை வாங்குகிறவர்கள் விற்பவரின் போன பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிளெய்ம் வாங்காமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் நோ கிளெய்ம் போனஸ் என்கிற பிரீமியத் தள்ளுபடி 50 சதவீதம் இருக்கும். ஆறேழு வருட சிங்கிள் ஓனர் வண்டியில் அது பூஜ்யம் என்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள், பாலிசி விட்டுப்போயிருக்கலாம், இல்லை அடிபட்டிருக்கலாம். உங்கள் விளம்பரப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள்: 'ஆக்ஸிடென்ட் இல்லாதது' என்று போடச் சொல்கிறவரிடம் அந்தப் பாலிசி நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காங்கயம்