அட்டையை வெட்டாமல் கொடுங்கள்: புகை நிறுத்தும் மாத்திரை வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

யாங்கோனில் மருந்துக் கடை நடத்தும் நம்மவர்களுக்கும், கோயில் வளாகத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

காப்புக் கட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்த முகாமைப் பற்றித்தான் எழுதுகிறோம். நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊரும் பேசி ஓய்ந்துவிட்டது. தீமிதி விரதத்தோடு சுருட்டையும் விட்டுவிடலாம் என்று வந்தவர்களுக்கு ஆளுக்குப் பத்து மாத்திரை கொடுத்தீர்கள். உங்கள் நல்ல மனத்தில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கொடுத்த விதத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காகித உறை, உள்ளே கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு, உறையின் மேல் பேனாவால் ‘1-0-1’, அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, மாலை ஒன்று. மருந்தின் பெயர் கிடையாது. காலாவதித் தேதி அட்டையின் ஓரத்தில் அச்சாகியிருக்கும்; அந்த ஓரம் வேறு யாருடைய உறைக்குப் போனதோ தெரியாது. அடுத்த வாரம் ஒருவருக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். “என்ன மாத்திரை சாப்பிட்டார்?” என்று டாக்டர் கேட்டபோது வீட்டாரிடம் இருந்தது பெயரில்லாத ஒரு வெள்ளித்தாள் துண்டு. உங்களைத் தேடிப் பிடித்துக் கேட்ட பிறகுதான் அது புப்ரோபியான் 150 மில்லிகிராம் என்று தெரிந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். புகை நிறுத்தும் மாத்திரையை அட்டை வெட்டாமல், மருந்துத் தாளோடு, கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு கொடுங்கள்.

அந்தப் பத்து மாத்திரைக் கணக்கை மட்டும் ஒருமுறை பாருங்கள். புப்ரோபியானை முதல் மூன்று நாள் காலையில் ஒன்று மட்டும் போட வேண்டும். நான்காம் நாளிலிருந்துதான் இரண்டு. ஆக மூன்று நாளில் மூன்று, அடுத்த மூன்று நாளில் ஆறு, ஏழாம் நாள் காலையில் பத்தாவது மாத்திரை தீர்ந்துவிடும். இந்த மருந்து உடம்பில் ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் புகையை விடும் நாளை இரண்டாம் வாரத்தில் குறிக்கச் சொல்கிறார்கள். முதல் வாரம் புகைத்துக்கொண்டே மாத்திரை போடுவதுதான் முறை. அதாவது, மருந்து வேலையைத் தொடங்கும் நேரத்தில் உங்கள் உறை காலியாகிவிடுகிறது. “மாத்திரையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை” என்று அவர் பழையபடி பெட்டிக்கடைக்குப் போகிறார். ஏழு வாரத்துக்கு 95 மாத்திரை வேண்டும், பன்னிரண்டு வாரத்துக்கு 165. ஏழு வாரம் சரியாகப் போட்டும் புகை குறையவே இல்லையென்றால் டாக்டரைப் பார்த்து நிறுத்திவிடலாம். பத்து மாத்திரையில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அதைவிடக் கெடுதல் அந்த ‘1-0-1’. முதல் நாளிலிருந்தே இரண்டு என்று ஆகிவிட்டது. கடைசி ‘1’ என்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று பலர் எடுத்துக்கொண்டு தூக்கம் கெட்டுத் தவித்தார்கள். இரண்டாவது மாத்திரை முதலாவதற்குக் குறைந்தது எட்டு மணி நேரம் கழித்துப் போக வேண்டும், படுக்கும் நேரத்தை ஒட்டிப் போகக் கூடாது. காலை ஏழு மணிக்கு ஒன்று என்றால் மாலை நான்கு, ஐந்துக்கு ஒன்று. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை சேர்த்துப் போடக் கூடாது. ஒரு நாளில் 300 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. சிக்கனத்துக்காகப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. மணிக்கணக்கில் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை அது. உடைத்தாலோ மென்றாலோ மருந்து மொத்தமாக ரத்தத்தில் ஏறும். அப்போதுதான் வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. இதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் மருந்துத் தாளில் எழுதியிருக்கிறது. அந்தத் தாள் முகாம் மேசைக்கு அடியில் குப்பைக் கூடையில் கிடந்தது.

சரியான அளவில் சாப்பிட்டால் வலிப்பு வருவது ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு. பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். காக்காய் வலிப்பு இருந்தவர், தலையில் பலத்த அடிபட்டவர், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர், உடம்பு வலிக்கு டிரமடால் விழுங்குபவர், மலேரியாவுக்குக் குளோரோகுயின் அல்லது மெஃப்லோகுயின் சாப்பிடுபவர், இளைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர். மூட்டை தூக்கும் நம் ஆட்களில் டிரமடால் போடாதவர் எத்தனை பேர் என்று நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டீர்களா?

காப்புக் கட்டு விஷயம் தனி. தினமும் குடிப்பவர் காப்புக் கட்டிய அன்றே குடியையும் விடுகிறார், புகையையும் விடுகிறார், ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் இறங்குகிறார். நாள்பட்ட குடியைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். அப்படி நிறுத்துபவருக்குப் புப்ரோபியான் கொடுக்கவே கூடாது என்பது இந்த மருந்தின் முதல் விலக்குகளில் ஒன்று. சர்க்கரை மாத்திரையை விடாமல் விரதம் இருந்தால் சர்க்கரை இறங்கும், வலிப்புக்கு அது இன்னொரு வாசல். ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு எது காரணம் என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் விரதத்துக்கு முந்தைய ஞாயிறு இந்த மாத்திரை கொடுக்க ஏற்ற நாளே இல்லை. பங்குனிக்கு விட வேண்டும் என்றால் தையிலேயே வரச் சொல்லுங்கள்.

காச நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களையும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். ரிஃபாம்பிசின் புப்ரோபியானின் அளவை உடம்பில் குறைத்துவிடும், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் எஃபாவிரென்ஸும் அப்படித்தான். பலன் தெரியவில்லை என்று அவர்களாகவே கூட்டிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைக்காரர்களில் சிலர் புகை நிறுத்தும் இன்னொரு மாத்திரையான வரெனிக்லினும் விற்கிறீர்கள். அதிலும் இதே கத்தரிதான். முதல் வாரத்துக்கு அரை மில்லிகிராம் மாத்திரை பதினொன்று வேண்டும்: மூன்று நாள் ஒவ்வொன்று, நான்கு நாள் இரண்டிரண்டு. எட்டாம் நாளிலிருந்துதான் ஒரு மில்லிகிராம், காலையும் மாலையும். எடுத்த எடுப்பிலேயே ஒரு மில்லிகிராம் துண்டைக் கொடுத்தால் குமட்டலில் மூன்றாம் நாளே தூக்கி எறிந்துவிடுவார்கள். சரியாகச் சாப்பிட்டாலுமே பத்தில் மூன்று பேருக்குக் குமட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு போடச் சொன்னால் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். வெறும் வயிற்றில் விரதக்காரருக்கு அது ஒத்துவராது. கனவு விபரீதமாக வரும் என்பதையும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிப்பார்கள். சிறுநீரகம் மிகவும் கெட்டவருக்கு அளவு பாதி. இந்த மாத்திரையோடு குடித்தால் சிலருக்குப் போதை வழக்கத்தைவிட ஏறி, மூர்க்கம் வருவதுண்டு.

முகாமுக்குப் பிறகு, “அந்த மாத்திரை பைத்தியம் பிடிக்க வைக்கும், தொடாதே” என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதுவும் சரியில்லை. மனநிலை பாதிக்கலாம் என்று 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரண்டு மருந்துக்கும் கடுமையான எச்சரிக்கை போட்டது உண்மை. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது; வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்ட பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். ஏற்கனவே மனநோய்க்கு மருந்து எடுப்பவரை மட்டும் டாக்டர் அடிக்கடி பார்க்க வேண்டும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நல்ல மருந்துகள். கத்தரியை நினைத்துத்தான் எங்களுக்குப் பயம்.

தேநீர்க் கடையில் சிகரெட்டை ஒன்றொன்றாக விற்றுப் பழகிய ஊர் இது. அதை நிறுத்தும் மருந்தையும் ஒன்றொன்றாக விற்கிறோம். சிகரெட் முழுசாகவாவது கைக்கு வருகிறது. ஆங்கிலேயனுக்கே ‘செரூட்’ என்ற சொல்லைக் கொடுத்தது நம் சுருட்டு. அதை விடுவதற்கு நாலு வரி தமிழில் எழுத மட்டும் நமக்கு ஆள் கிடைக்கவில்லை. பந்தல் பேனரில் நன்கொடையாளர்கள் பெயருக்கு ஆறடி இடம் இருந்தது. மருந்தின் பெயருக்கு உறையில் ஒரு விரற்கடை இடம் இல்லை.

மன்னிக்க வேண்டும், குறை சொல்ல எழுதவில்லை, கேட்கத்தான் எழுதுகிறோம். முழுப் பெட்டி வாங்க எல்லாருக்கும் வசதியில்லை என்பது தெரியும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பெயரும் தேதியும் உள்ள ஓரத்தை யாருக்கும் கொடுக்காமல் கடைசி வரை வைத்திருங்கள். அதைப் பார்த்து ஒவ்வொரு உறையிலும் எழுதுங்கள். புப்ரோபியான் உறைக்கு இவ்வளவு போதும்:

“புப்ரோபியான் 150. முதல் 3 நாள் காலை 1. 4ஆம் நாள் முதல் காலை 1, மாலை 1, இடையில் 8 மணி நேரம். உடைக்க வேண்டாம், மெல்ல வேண்டாம். மறந்தால் சேர்த்துப் போட வேண்டாம். 8ஆம் நாளுக்கு மேல் ஒரு நாள் குறித்துப் புகையை விடவும். வலிப்பு, முகவீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு இந்த உறையோடு ஆஸ்பத்திரிக்குப் போகவும்.”

இன்னும் இரண்டைக் கேளுங்கள். புகையிலை வைத்த வெற்றிலை போடுகிறாரா? சுருட்டை விட்டு அதைக் கூட்டிக்கொண்டால் நிகோடின் அப்படியே இருக்கும். சுண்ணாம்பு அதை வாய்வழி இன்னும் வேகமாக ஏற்றும். தியோஃபிலினோ, மனநோய்க்கான குளோசபினோ சாப்பிடுகிறாரா? புகையிலுள்ள தார் இவற்றைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. புகை நின்றதும் அதே அளவு மருந்து உடம்பில் தேங்கும், ஒரு வாரத்துக்குள் டாக்டர் அளவைக் குறைக்க வேண்டும். காப்பிக்கும் இதே கதைதான்: நாளுக்கு ஐந்தாறு குடிப்பவருக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் மாத்திரையைத் திட்டுவதற்கு முன் காப்பியைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறோம்: அட்டை வெட்டாமல், மருந்துத் தாளோடு, கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு கொடுங்கள். அடுத்த முகாமுக்கு நாள் குறித்ததும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். உறை எழுதவும் கேள்வி கேட்கவும் எங்களில் நாலு பேர் வந்து மேசையில் உட்காருகிறோம். போன முகாமில் மீந்த வெட்டுத் துண்டுகள் அலமாரியில் இருந்தால், அவற்றை மட்டும் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிலர்,
யாங்கோன்