துணைத் தலைவர் இல்லாத மக்களவை

ஆசிரியருக்கு,

மக்களவை தன் தலைவரையும் துணைத் தலைவரையும் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என அரசமைப்புச் சட்டத்தின் 93ஆவது பிரிவு பணித்திருந்தும், 2019இல் அமைந்த 17ஆவது மக்களவை துணைத் தலைவர் இல்லாமலேயே 2024இல் தன் காலத்தை முடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய அவையில் அப்பொறுப்பை வகித்தவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த மு. தம்பிதுரை. கெடு குறிக்கப்படாததையே தேர்தலை நடத்தாமலிருக்கக் கிடைத்த அனுமதியாக ஆளுந்தரப்பு எடுத்துக்கொண்டது என்றே கருதுகிறேன். அரசமைப்பு எவ்வளவு நல்லதாயினும் அதை நடத்துவோர் தீயவராக இருந்தால் அதுவும் தீயதாகிவிடும் என 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் எச்சரித்தது இத்தகைய போக்கை எண்ணித்தான் போலும். ஆண்டுதோறும் அரசமைப்பு நாளான நவம்பர் 26 அன்று அரசமைப்பின் முகப்புரையை உரக்க வாசிப்பதில் குறையேதுமில்லை. எனினும், புதிய அவையின் முதல் கூட்டத்தொடரிலேயே இத்தேர்தல் நடந்தாக வேண்டும் என மக்களவை விதிகளில் திருத்தம் கொண்டுவருவதே உடனடித் தேவை.

ஒரு வாசகர்,
மதுரை.