ஸ்ரியறிங் சூடு: புதுசு வாங்குவதற்கு முதல்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வின்னிப்பெக்கில் மைனஸ் 30 என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஸ்காபரோவில் மைனஸ் 12க்கே சனம் முணுமுணுக்குது, ஆகவே குளிரைப் பற்றி உன்னோடு கதைக்க எனக்குத் தகுதியில்லை. காரின் விசயத்துக்கே வருகிறேன்.

ஸ்ரியறிங் முதல் ஐந்து நிமிடம் வடிவாகச் சூடாகிறது, பிறகு 'செத்துப்போகிறது', கராஜ்காரன் முழு ஸ்ரியறிங்கையும் மாற்றச் சொல்கிறான். இதுதானே? காசு கொடுக்க முதல் ஒன்று கேள்: மின்சாரம் அளக்கும் மீற்றர் வைத்து அளந்தானா? அளக்காமல் சொன்னால் அது வெறும் ஊகம்.

உள்ளே இருப்பது பெரிய வித்தையில்லை. தோலுக்கும் நுரைக்கும் இடையில் மெல்லிய துணிப்பாய் ஒன்று, அதில் தைத்த கம்பி அல்லது கரி இழை, பக்கத்தில் வெப்பத்தை உணரும் சின்னச் சென்சர் ஒன்று. பாயின் மின்தடை பொதுவாக ஒன்றுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட ஓம். 2 ஓம் என்று வை. எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ற் போனால் 95 வாற். பழைய குண்டு பல்ப் ஒன்றின் சூடு, அவ்வளவுதான். முதல் சில நிமிடம் முழு மின்சாரமும் போகும். சென்சர் முப்பது சொச்சம் பாகையைக் கண்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி விட்டு விட்டுத்தான் கொடுக்கும். உன் உள்ளங்கையும் கிட்டத்தட்ட அதே சூடு. கைக்கு வித்தியாசம்தான் தெரியுமே ஒழிய, சூடு தெரியாது. அதனால் 'நின்றுவிட்டது' என்று படும். கையுறை போட்டு ஓடி, இருபது நிமிடம் கழித்துக் கழற்றிவிட்டுத் தொட்டுப்பார். இளஞ்சூடாக இருந்தால் பாய் வேலை செய்கிறது.

சென்சர் இருக்கும் இடமும் ஒரு சிக்கல். வளையம் முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே சென்சர். உன் கையோ வெயிலோ அந்த இடத்திலேயே படிந்தால் அது 'போதும்' என்று சொல்லிவிடும், மற்றப் பக்கம் குளிர்ந்தபடி கிடக்கும்.

இன்னும் சில காரில் அப்படித்தான் செய்தே அனுப்புகிறார்கள். ஹுண்டாய் குடும்பத்தின் பல மாடல்களில் சுமார் 30 நிமிடத்தில் தானாக அணையும். லெக்ஸஸ் சிலதில் இரண்டு பக்கக் கைபிடி மட்டும்தான் சூடாகும், மேலும் கீழும் பச்சைத் தண்ணீர். மரமும் தோலும் கலந்த வளையத்தில் மரப்பகுதிக்குச் சூடு வருவது அரிது. இதையெல்லாம் பிழை என்று சொல்லி கராஜுக்குப் போனால் அவனுக்குத்தான் லாபம். ஆனால் ஆடம்பரக் கார் என்று விலை வாங்கிவிட்டு வளையத்தில் பாதியைக் குளிரவிடுவது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

அடுத்தது பற்றறி. உன் ஊருக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஜேர்மன் கார்கள் வோல்ற் குறைந்தால், எஞ்சினைக் கிளப்ப மின்சாரம் மிஞ்சவேண்டும் என்று வசதிச் சாமான்களைத்தான் முதலில் வெட்டும்: இருக்கைச் சூடு, பின் கண்ணாடிச் சூடு, ஸ்ரியறிங். பெரிய எச்சரிக்கை எதுவும் வராமலே போகலாம். இராமுழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ற் இருக்கவேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஓடும்போது 13.5க்குக் கீழேயே நின்றால், ஓடும்போது பற்றறியை நிரப்புகிற அல்ரனேற்றரையும் பார்க்கவேண்டும். கடைக்குப் போய் வருகிற ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தில் அந்தக் குளிரில் பற்றறி நிரம்பாது. இருக்கை, கண்ணாடி, ஸ்ரியறிங், ஊதி (சூட்டுக் காற்று விசிறி) எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு ஸ்ரியறிங்கைக் குறை சொல்லாதே. புதுப் பற்றறி போட்டால் பி.எம்.டபிள்யூவில் அதைக் கணினியில் பதியவேண்டும், இல்லாவிட்டால் பழைய பற்றறி என்று நினைத்தே சார்ஜ் பண்ணும்.

பற்றறி நல்லது என்றால்தான் ஸ்ரியறிங் பக்கம் போ. முதலில் பியூஸ். எது என்று உன் காரின் கையேட்டில் பார், மாடலுக்கு மாடல் மாறும். பிறகு கிளொக் ஸ்பிரிங். சுற்றுகிற வளையத்துக்கும் நிற்கிற தண்டுக்கும் நடுவே மின்சாரத்தைக் கொண்டுபோகிற சுருள்நாடா அது. ஹோர்ன் அடிக்கவில்லை, ஸ்ரியறிங்கில் உள்ள பொத்தான்கள் சரியில்லை, எயார்பேக் விளக்கு எரிகிறது என்றால், சூடும் சேர்ந்து போனதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். எல்லாம் வேலைசெய்து சூடு மட்டும் மந்தம் என்றால், எங்கேயோ ஒரு இணைப்பு கருகத் தொடங்கியிருக்கலாம். பற்றறியில் 13.8 இருக்க, பாயின் கனெக்ரரில் 11 வோல்ற்தான் வருகிறது என்று வை. 95 வாற் 60 ஆகிவிடும். காணாமல்போன 2.8 வோல்ற் வழியில் இன்னொரு 15 வாற்றைச் சூடாக்கிப் பிளாஸ்ரிக்கை உருக்கிக்கொண்டிருக்கும். இந்த அளவைச் சூடு ஓடும்போதுதான் எடுக்கவேண்டும், வெறும் வயரில் எடுத்தால் எல்லாம் நல்லது போலத்தான் காட்டும். எயார்பேக் பூட்டியிருக்க எடுக்கவேண்டிய அளவு என்பதால் இதை நல்ல ஓட்டோ எலெக்ரிசியனிடம் விடு. எண்ணைச் சொல்லி 'எவ்வளவு குறைகிறது' என்று கேட்டால் போதும்.

கழற்றத்தான் வேண்டும் என்றால் ஒழுங்கு தவறாதே. சில்லுகளை நேராக நிறுத்து. பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டு ஒரு பத்து நிமிடம் பொறு. எயார்பேக்கைக் கழற்றி முகம் மேலே பார்க்க வை. மஞ்சள் கனெக்ரர் எயார்பேக்குடையது, அதில் மீற்றர் வைக்கவே கூடாது. ஸ்ரியறிங்கைப் பிடுங்க முதல் தண்டிலும் மையத்திலும் ஒரு கோடு கீறிவிடு. பாயின் இரண்டு முனையிலும் ஓம் பார். மலிவான மீற்றரின் வயருக்கே 0.3 ஓம் வரும், அதன் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று முட்டவைத்துப் பார்த்து, அந்த எண்ணைக் கழித்துவிடு. எண்ணைப் பார்த்தபடி தோலை ஆரக்கால் அடியில் விரலால் அழுத்து. தடை துள்ளினால், கம்பி ஆரக்காலுக்குள் இறங்கும் அந்த வளைவிலேயே முறிந்திருக்கிறது. பாயில் பிழை வருவது பெரும்பாலும் அங்கேதான். தடை இப்படித் துள்ளினாலோ, கம்பி முழுதாக அறுந்து மீற்றர் எண்ணே காட்டாவிட்டாலோ மட்டுமே கராஜ்காரன் சொன்னது சரி.

கிளொக் ஸ்பிரிங் மாற்றுகிறாய் என்றால், புதுசில் ஒரு பூட்டு ஊசி இருக்கும், பூட்டி முடியும்வரை அதை எடுக்காதே. எடுபட்டுவிட்டால் மெல்ல ஒரு பக்கம் முட்டும்வரை சுற்று, மற்றப் பக்கம் முட்டும்வரை சுற்றை எண்ணு, பாதி திரும்பி வா. நடு தவறினால் ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பும்போது நாடா அறுந்துவிடலாம். பல கார்களில் ஸ்ரியறிங் கோணச் சென்சரும் அதோடு ஒட்டியிருக்கும், அதற்குக் காரின் கணினியில் பூட்டும் ஸ்கானரால் சைபர் வைக்கவேண்டும்.

தோல் புதிதாகத் தைக்கக் கொடுக்கும் யோசனை இருந்தால் கவனம். தைக்கிறவன் உள்ளே கூடுதல் நுரை வைத்தால் சூடு மேலே வர நெடுநேரம் எடுக்கும், ஊசி பாயைக் குத்தினால் கதை முடிந்தது. மேலே போடும் தடித்த உறையும் அதே பிழை. போதாததற்கு, பல புதுக் கார்களில் கை வளையத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற சென்சரும் அந்தத் தோலுக்கு அடியில்தான். உறை போட்டால் கை வைத்திருக்கும்போதே 'கையை வை' என்று கத்தும்.

உன் மச்சினன் கோடையில் பழைய கார் வாங்கப்போகிறான் என்று எழுதியிருந்தாய். அவனிடம் ஒன்று சொல்லு. வெயிலில் நின்ற காரில் இந்தப் பொத்தானை அமர்த்தினால் விளக்கு மட்டும் எரியும், வளையம் சூடாகாது. சென்சர் ஏற்கெனவே போதுமான சூட்டைக் கண்டிருக்கும். உறைபெட்டியில் உள்ள பச்சைப் பட்டாணிப் பை இரண்டை வளையத்தில் ஐந்து நிமிடம் சுற்றிவைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு அமர்த்தச் சொல்லு. சென்சர் இருக்கும் இடம் தெரியாததால் பையை இடம் மாற்றி மாற்றி வைக்கவேண்டும். விற்கிறவன் சிரிப்பான், சிரிக்கட்டும். சூட்டை மாதச் சந்தாவாக விற்ற கொம்பனியும் உண்டு. 2022இல் பி.எம்.டபிள்யூ சில நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கும் ஸ்ரியறிங் சூட்டுக்கும் காசு கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டது, 2023இல் இருக்கைச் சந்தாவைக் கைவிட்டது. ஆகவே பழைய கார் என்றால் பொத்தான் மட்டுமல்ல, அந்த வசதி திறந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

உன் பக்கம் இப்போது இரண்டே வேலை. நாளை விடிய, எஞ்சினைக் கிளப்ப முதல், பற்றறியில் எத்தனை வோல்ற் என்று பார். பிறகு ஊதியையும் இருக்கைச் சூட்டையும் நிறுத்திவிட்டு ஸ்ரியறிங்கை மட்டும் போட்டு ஓடு. சூடு கடைசிவரை இருந்தால் பற்றறிக் கடைக்குப் போ. இல்லாவிட்டால் அந்த வோல்ற் எண்ணை எழுதி அனுப்பு, அடுத்தது என்ன என்று சொல்கிறேன். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு.

உன்,
மச்சான்